மூணு நாள் திருச்சி



எங்க அப்பா துறையூருக்குக் கிளம்பினா "டவுனுக்குப் போறேன்"னு சொல்லுவாரு. திருச்சிக்குக் கிளம்பினா "மலைக்கோட்டைக்குப் போறேன்"னு சொல்லுவாரு. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கோர்ட்டுக்குப் போனாலும் அவருக்கு அது மலைக்கோட்டைதான். எங்க பக்கத்து ஆளுங்களுக்குத் திருச்சின்னா அப்படி ஒரு பிரமிப்பு. சென்னையை டி.வி.யில பார்த்தோம். திருச்சியைத்தான் கண்ணால பார்த்தோம். முதல் ரயில், முதல் ஐஸ்கிரீம், முதல் பெரிய ஆறு எல்லாமே எங்களுக்கு அங்கதான்.

எனக்கு அந்த ஊரோட கொஞ்சம் கூடுதல் ஒட்டு உண்டு. பத்தாவது முடிச்சதும் 1987-ல காந்தி மார்க்கெட்ல ஒரு வெங்காய மண்டியில கணக்குப் பிள்ளைக்கு எடுபிடியா சேர்ந்தேன். மூட்டை எண்றது, எடை போடுறப்போ கூட நிக்கிறது, சீட்டு எழுதறது, இதுதான் வேலை. ஆறு வருஷம் இருந்தேன். அப்பாவுக்கு முடியாம போனதும் ஊருக்கு வந்து ஏர் பிடிச்சவன்தான், அதுக்கப்புறம் திருச்சி எனக்கு வேலை இருந்தா மட்டும் போற ஊரா ஆயிடுச்சு. விதை வாங்கப் போவேன், மோட்டார் காயில் கட்டப் போவேன், கல்யாணத்துக்குப் போவேன். சாயங்காலம் கறவைக்குள்ள திரும்பிடுவேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி சத்திரத்துலயே ஏறி வந்த நாளுதான் அதிகம்.

இந்த ஆவணியிலதான் மூணு நாள் சேர்ந்தாப்புல இருந்தேன். சும்மா போகலை. வீட்டுக்காரம்மாவுக்கு ரெண்டு வருஷமா மூட்டு வலி. களை எடுக்கக் குனிஞ்சா எந்திரிக்க முடியலை. பையன் துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில வெல்டிங் சூப்பர்வைசர். திருவானைக்காவல்ல வாடகை வீடு. "அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, நல்ல டாக்டரா காட்டுவோம்"னு சொன்னான். அதோட இன்னொரு பேச்சும் ஓடிக்கிட்டு இருந்தது. "மூணு ஏக்கரை யாருக்காவது குத்தகைக்கு விட்டுட்டு ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்கப்பா. கிணத்துல தண்ணி இல்ல, வெங்காயத்துக்கு விலை இல்ல, அம்மாவால முடியல. என்னத்துக்கு அங்க கெடந்து கஷ்டப்படணும்?" இதை ஒரு வருஷமா போன்ல கேக்கிறான். இந்தத் தடவை நேர்ல ஒரு பதில் சொல்லியாகணும்னு தெரிஞ்சுதான் பஸ் ஏறினேன். மாட்டைத் தம்பி வீட்ல ஒப்படைச்சாச்சு.

துறையூர்ல இருந்து புலிவலம், மண்ணச்சநல்லூர் வழியா போறப்போ, மண்ணச்சநல்லூர் வரைக்கும் மனசு காட்டுலதான் இருக்கும். அரிசி ஆலைங்களைத் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட் வந்ததும் மாறிடும். கொள்ளிடம் பாலத்துல ஏறினதும் பஸ்ஸுல இருக்கிற எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பும். எங்க மாதிரி மானாவாரி ஊர்க்காரனுக்கு ஆத்துல தண்ணி ஓடறது ஒரு காட்சிங்க. டெல்டாக்காரங்களுக்கு அது புரியாது. இந்த வருஷம் மேட்டூர் நிறைஞ்சு உபரி வந்ததால கொள்ளிடத்துலயும் தண்ணி. 2018 ஆகஸ்ட்ல வந்த வெள்ளத்துலதான் இங்க இருந்த பழைய இரும்புப் பாலத்தோட தூண் இடிஞ்சு விழுந்தது. 1928-ல கட்டினது. அதே மாசம் முக்கொம்பு மேலணையில ஒன்பது மதகு அடிச்சிட்டுப் போச்சு. 1836-ல ஆர்தர் காட்டன் கட்டின அணை அது. முக்கொம்புலதான் ஆறு ரெண்டாப் பிரியுது. வடக்கால போறது கொள்ளிடம், தெற்கால போறது காவிரி. ரெண்டுக்கும் நடுவுல கெடக்கிற தீவுதான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். ரெண்டு பக்கமும் தண்ணி ஓடுற மண்ணுல பொறந்தவனுக்கு என்ன கவலைன்னு சின்ன வயசுல நினைப்பேன். வெள்ளம் வந்தா என்ன கவலைன்னு இப்பத் தெரியும்.

முதல் நாள் டாக்டர். அதைப் பத்தி ரொம்ப எழுத வேண்டாம். எக்ஸ்ரே எடுத்தாங்க. "ஆபரேஷன் இப்ப வேண்டாம். எடையைக் குறைக்கணும், மூணு மாசம் வாரத்துக்கு மூணு நாள் வந்து பயிற்சி எடுக்கணும், சம்மணம் போட்டு உக்காரக் கூடாது, குனிஞ்சு வேலை செய்யக் கூடாது"ன்னாரு. குனியாம செய்யற வேலை எங்க காட்டுல எதுன்னு நானும் யோசிச்சுப் பார்த்தேன். ஆடு மேய்க்கிறது ஒண்ணுதான் தேறுச்சு.

சாயங்காலம் பையன், "வாங்கப்பா, மலைக்கோட்டைப் பக்கம் போயிட்டு வருவோம்"னு கூப்பிட்டான். எல்லாருமா ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுல ஏறினோம். ஸ்ரீரங்கத்துக்கும் ஜங்ஷனுக்கும் நான் மண்டியில இருந்த காலத்துலயே அந்த நம்பர்தான். நிமிஷத்துக்கு ஒரு பஸ் வரும்னு கேலியா சொல்லுவாங்க, இப்பவும் கிட்டத்தட்ட அப்படித்தான் வருது. காவிரிப் பாலத்துல வேகம் குறைஞ்சது. பக்கத்துலயே புதுப் பாலத்துக்கு வேலை நடந்துக்கிட்டு இருந்தது. ஜன்னல் வழியா மலைக்கோட்டை தெரிஞ்சது. பாலத்துல இருந்து பார்த்தா அந்தப் பாறை ஊருக்கு நடுவுல யாரோ தூக்கி வச்சிட்டு மறந்துட்டுப் போன மாதிரி இருக்கும். விளக்குப் போட்டிருந்தாங்க. பேத்தி கையை நீட்டி "தாத்தா, பிள்ளையார் வீடு"ன்னா.

மெயின்கார்டு கேட்டுல இறங்கினோம். பழைய கோட்டையில மிச்சமா நிக்கிற வாசல் அது. ஒரு பக்கம் செயின்ட் ஜோசப் காலேஜ், லூர்து மாதா கோயில். இன்னொரு பக்கம் உள்ள நுழைஞ்சா தெப்பக்குளம், என்.எஸ்.பி. ரோடு, சின்னக்கடை வீதி, பெரிய கடை வீதி. தீபாவளிக்கு முந்தின வாரம் இங்க நம்மளா நடக்க வேண்டியதில்ல, கூட்டமே நம்மளைக் கொண்டு போய் மறு முனையில விட்டுடும். ஆவணி முகூர்த்தக் காலங்கிறதால அன்னைக்கும் கூட்டம். பிளாட்பாரத்துல வளையல், கிளிப்பு, பிளாஸ்டிக் குடம், "எது எடுத்தாலும்" கடை. பட்டுப்புடவைப் பை தூக்கிக்கிட்டு ஒரு கல்யாணக் கூட்டமே போகுது. சம்பளம் வாங்கின ஞாயித்துக்கிழமை நானும் இங்கதான் சுத்துவேன். ஒண்ணும் வாங்க மாட்டேன். கெயிட்டியில ஒரு படம் பார்த்துட்டு, மெயின்கார்டு கேட் பக்கத்துல மைக்கேல் ஐஸ்கிரீம் கடையில ஒண்ணு சாப்பிட்டுட்டு மண்டிக்குத் திரும்புவேன். அந்த வயசுல அதுக்கு மேல சந்தோஷம் என்ன இருக்கு?

மைக்கேல் கடை இப்பவும் இருக்கு. கூட்டமும் இருக்கு. வீட்டுக்காரம்மா வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டு ஒரு கப் முழுசா சாப்பிட்டாங்க. "பல்லு கூசுதுங்க"ன்னு சொல்லிக்கிட்டே பேத்தியோட கப்புல இருந்தும் ஒரு கரண்டி எடுத்தாங்க. முப்பது வருஷமா எங்க வீட்ல எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில மிச்சம் இருக்கிறதைச் சாப்பிட்டவங்க அவங்க. அடுத்தவங்க கையில இருக்கிறதை எடுத்துச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

அந்தக் கூட்டத்துல நடக்கறப்போ எனக்கு ஒண்ணு பிடிபட்டது. இந்த ஊர் எனக்கு ஏன் பிடிச்சதுன்னு இத்தனை வருஷம் கேட்டிருந்தா ஆறு, கோயில், சினிமான்னுதான் சொல்லியிருப்பேன். அது மட்டும் இல்லைங்க. இங்க என்னை யாருக்கும் தெரியாது. ஊர்ல பஸ் ஸ்டாப்புல நின்னா பத்து பேரு, "எங்க கிளம்பிட்டீங்க? யாருக்கு உடம்பு சரியில்ல? வெங்காயம் போட்டாச்சா? பையன் பணம் அனுப்புறானா?" ஒரு கேள்விக்குக் கூட கெட்ட எண்ணம் கிடையாது. ஆனா பதில் சொல்லிச் சொல்லியே பாதி உசுரு போயிடும். என்.எஸ்.பி. ரோட்டுல அரை மணி நேரம் ஒரு ஓரமா நின்னேன். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை. பதினேழு வயசுல அது பயமா இருந்தது. அம்பத்தஞ்சு வயசுல மூட்டையை இறக்கி வச்ச மாதிரி இருந்தது.

ரெண்டாம் நாள் காலையில நான் மட்டும் கிளம்பினேன். மலைக்கோட்டை ஏறணும்னு ஒரு ஆசை. வீட்டுக்காரம்மாவால முடியாது, பேத்தியோட வீட்ல இருந்துட்டாங்க. மாணிக்க விநாயகரைக் கும்பிட்டு ஏற ஆரம்பிச்சா நானூத்துச் சொச்சம் படி. மலையைக் குடைஞ்ச வழி, உள்ள குளுகுளுன்னு இருக்கும். நடுவுல தாயுமானவர். செட்டிப் பொண்ணு ஒருத்திக்குப் பிரசவம். காவிரியில வெள்ளம் வந்து அவ அம்மாவால அக்கரையில இருந்து வர முடியல. சிவபெருமானே அம்மா வேஷத்துல வந்து பிரசவம் பார்த்தாருன்னு கதை. அதனாலதான் நல்லபடியா பிரசவம் ஆகணும்னு இங்க வாழைத்தார் நேர்ந்துக்குவாங்க. ஆத்துல பாலம் இல்லாத காலத்துக் கதை அது. வெள்ளம் வந்தா பொண்ணைப் பெத்தவ எப்படித் தவிச்சிருப்பான்னு அந்தப் பாலத்துல தினம் போறவங்களுக்கு இன்னைக்குத் தெரியாது.

இன்னும் மேல ஏறினா மகேந்திர வர்ம பல்லவன் குடைஞ்ச குகைக் கோயில். ஆயிரத்து நானூறு வருஷம் ஆகுது. அதையும் தாண்டினா உச்சிப் பிள்ளையார். ரெண்டு இடத்துல உக்காந்து உக்காந்துதான் ஏறினேன், காலேஜ் பசங்க தாவித் தாவிப் போனாங்க. மேல காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது. வடக்கால பார்த்தா காவிரி, அந்தாண்ட தென்னையும் வாழையுமா தீவு, நடுவுல ராஜகோபுரம், அதுக்கும் அந்தாண்ட கொள்ளிடம். கொள்ளிடத்துக்கு வடக்க போகப் போக பச்சை வெளிறிக்கிட்டே போகுது. அந்த வெளுப்புக்குள்ளதான் எங்க காடு. பச்சைமலை தெரியுதான்னு பார்த்தேன், மூட்டத்துல ஒண்ணும் தெரியலை. காவேரிப் பாசனத்துக்கும் நம்ம கிணத்துப் பாசனத்துக்கும் எவ்வளவு தூரம்னு கேட்டா பஸ்ஸுல ஒண்ணரை மணி நேரம். மேல நின்னு பார்த்தா நாலு விரல் கடை.

இறங்கி அப்படியே காந்தி மார்க்கெட்டுக்கு நடந்தேன். முதல் உலகப் போருக்குப் போன திருச்சிக்காரங்க ஞாபகமாக் கட்டின மணிக்கூண்டு அப்படியே நிக்குது. மார்க்கெட்டும் அதே சேறு, அதே சத்தம். கள்ளிக்குடியில பெருசா ஒரு மார்க்கெட் கட்டி இங்க இருக்கிற வியாபாரிங்களை அங்க போகச் சொன்னாங்க, அவங்க போகலை. எனக்கு அதுல ஆச்சரியம் இல்லை. சந்தைங்கிறது கட்டடம் இல்லைங்க, யாரு யாருக்குக் கடன் தருவாங்கங்கிறதுதான் சந்தை. அதை லாரியில ஏத்தி இன்னொரு ஊர்ல இறக்க முடியாது. வெங்காய மண்டிங்க மட்டும் பால்பண்ணைப் பக்கம் போயிடுச்சு. நான் வேலை பார்த்த இடத்துல இப்ப வேற கடை. எதிர்ல டீக்கடை இருந்த இடத்துல இப்பவும் டீக்கடைதான். மாஸ்டர் மட்டும் வேற. ஒரு டீ குடிச்சேன். சில்லறைக் கடையில எங்க சின்ன வெங்காயம் குவிச்சிருந்தது. தோலைப் பார்த்தாலே எங்க பக்கத்துக் காய்னு தெரியுது. விலை கேட்டேன். நான் போன வெள்ளாமையில வித்த விலைக்கு மூணு மடங்கு. நான் ஒண்ணும் சொல்லலை, கால் கிலோ வாங்கிக்கிட்டேன். பையன் வீட்ல "காட்டுல விளையறதை விட்டுட்டு காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கீங்களே"ன்னு சிரிச்சாங்க.

வர்ற வழியில அகில இந்திய வானொலி ஞாபகம் வந்தது. திருச்சி நிலையம் 1939-ல ஆரம்பிச்சது. ஆடுதுறையில கண்டுபிடிச்ச ஏ.டி.டி. 27 நெல்லை இந்த நிலையம் சொல்லிச் சொல்லியே தஞ்சாவூர் ஜில்லா பூரா பரப்பிச்சு. அதனால அந்த நெல்லுக்கு "ரேடியோ நெல்லு"ன்னே பேரு வந்துடுச்சு. எங்க அப்பா கிணத்து மேட்டுல ரேடியோவைத் தொங்க விட்டுக்கிட்டுத்தான் கவலை ஓட்டுவாரு. திருச்சின்னா எங்க வீட்ல முதல்ல ஒரு குரல்தான், ஊரை அப்புறம்தான் பார்த்தோம்.

மத்தியானம் திருவானைக்காவல்ல பார்த்தசாரதி விலாஸ்ல நெய் தோசை. 1943-ல இருந்து நடக்கிற கடை. பழைய மர மேசை, சுவத்துல பழைய படங்க. தோசை வந்ததும் பேசிக்கிட்டு இருந்த எல்லாரும் பேச்சை நிறுத்திட்டோம், அவ்வளவுதான் சொல்லுவேன். ஜம்புகேஸ்வரர் கோயில்ல உச்சிக்கால பூஜைக்கு முன்னாடியே போயிருக்கோம். அங்க குருக்கள் புடவை கட்டிக்கிட்டு அம்பாளா வந்து சாமிக்குப் பூஜை பண்ணுவாரு. கருவறையில ஊத்துத் தண்ணி, பஞ்சபூதத்துல இது நீர்த்தலம். எங்க போர்ல எழுநூறு அடியிலயும் காத்துதான் வருது, இங்க சாமி காலடியிலேயே தண்ணி ஊறுது. கும்பிடறப்போ அதைத்தான் சொல்லிக் கும்பிட்டேன்.

மூணாம் நாள் ஸ்ரீரங்கம். ராஜகோபுரம் 236 அடி, பதிமூணு நிலை. நான் மண்டிக்கு வந்த அதே 1987-லதான், மார்ச் 25-ந்தேதி கும்பாபிஷேகம். நானூறு வருஷத்துக்கும் மேல அடிப்பகுதியோட நின்னு போயிருந்தது. மொட்டைக் கோபுரம்னுதான் பேரு. அகோபில மடத்து 44-வது ஜீயர் ஊர் ஊரா நன்கொடை வாங்கி ஒவ்வொரு நிலையா ஏத்தினாரு. ஒரு நிலைக்கு இளையராஜா செலவு பண்ணினாரு. அன்னைக்குக் கூட்டத்துல கோபுரத்தை நான் பார்க்கவே இல்ல, முன்னாடி நின்னவரு முதுகைத்தான் பார்த்தேன்.

வீட்டுக்காரம்மாவுக்கு முதல்ல தன்வந்திரி சன்னதி. வைத்தியருக்கெல்லாம் வைத்தியரு. "டாக்டருகிட்ட காட்டியாச்சு, இவருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடறேன்"னு சொல்லி ரொம்ப நேரம் நின்னாங்க. அப்புறம் நான் பார்க்கணும்னு சொன்ன இடத்துக்குப் போனோம். கோயிலுக்கு வர்றவங்க பாதி பேரு இதைக் கவனிக்கிறது இல்லை. கொட்டாரம்னு சொல்ற இடத்துப் பக்கம், பெரிய பெரிய வட்டமான நெற்களஞ்சியம் நிக்குது. செங்கல்லுல கட்டினது. நம்ம வீட்டுக் குதிரைத்தான் ராட்சசன் வீட்டு அளவுக்குக் கட்டியிருக்காங்க. மேல கொட்டி கீழ எடுக்கிற அதே வேலைதான். நாட்டுல எங்கெங்கயோ கோயில் நிலம். அங்க இருந்து வந்த நெல்லு இங்க சேர்ந்து, தினமும் புது மண்பானையில பெருமாளுக்குத் தளிகை ஆகியிருக்கு. 156 ஏக்கர் கோயில், ஏழு சுத்து மதில், இருபத்தோரு கோபுரம். எல்லாம் சரிங்க. அத்தனைக்கும் அடியில இருந்தது ஏதோ ஒரு ஊர்ல ஏதோ ஒருத்தன் அறுத்த கதிரு. அந்தக் களஞ்சியத்துக்குப் பக்கத்துல நின்னப்போ கோபுரத்துக்கிட்ட நின்னதை விட எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இவ்வளவு பெருசாப்பா"ன்னு சுத்தி வந்து பார்த்தான்.

சாயங்காலம் அம்மா மண்டபம் படித்துறை. ஆடிப்பெருக்கு முடிஞ்சு கூட்டம் வடிஞ்சிருந்தது. தண்ணி படிக்கட்டைத் தொட்டுக்கிட்டு ஓடுது. பையனும் மருமகளும் பேத்திக்குப் பொரி வாங்கப் போனாங்க. வீட்டுக்காரம்மா மேல் படியில உக்காந்து காலை நீட்டிக்கிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு சொன்னாங்க:

"ஏங்க, நேத்து நீங்க மலைக்கோட்டை ஏறினப்போ நான் வீட்ல இல்ல."

"எங்க போனீங்க?"

"பாப்பாவை அவ அம்மாகிட்ட விட்டுட்டு நான் மட்டும் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்தேன். டிக்கெட்டு கிடையாதே, லேடீஸுக்கு ஃப்ரீ. உத்தர வீதி, சித்திர வீதின்னு ரெண்டு வீதி மெதுவா நடந்தேன். ஒரு காபி குடிச்சேன். பூ வாங்கினேன். வந்துட்டேன்."

"சொல்லவே இல்லையே?"

"சொல்ல என்ன இருக்கு? எங்க போறேன்னு ஒருத்தரும் கேக்கலை. நானும் சொல்லலை."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. என்.எஸ்.பி. ரோட்டுல நான் மனசுக்குள்ள கண்டுபிடிச்சதை அவங்க நடந்தே பார்த்துட்டாங்க.

அப்புறம் ஆத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க: "தம்பி கேட்டதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரியலை. நான் மூணு மாசம் இருக்கேன். வைத்தியத்துக்கு மட்டும் இல்ல. இருந்து பார்க்கணும்னு இருக்கு. நீங்க காட்டை விட்டுட்டு இங்க வந்து உக்கார்றது எனக்கு வேணாம். ஒரு வாரத்துல சுவத்தை முறைக்க ஆரம்பிச்சிருவீங்க."

அது உண்மைதாங்க. மூணு நாளும் விடிகாலை நாலு மணிக்கு முழிப்பு வந்துடுச்சு. எந்திரிச்சா செய்ய ஒண்ணுமில்ல. மோட்டார் போட வேண்டியதில்ல, மாடு கூப்பிடாது. மொட்டை மாடியில நின்னு கோபுர விளக்கைப் பார்த்துட்டு, பால் பாக்கெட் வர்ற வரைக்கும் முன்னும் பின்னும் நடந்தேன். ஊரு பிடிச்சிருக்கு, ரொம்பவே பிடிச்சிருக்கு. ஆனா அங்க எனக்கு ஒரு வேலை இருந்தப்போ பிடிச்ச ஊரு அது. இப்ப விருந்தாளியாப் பிடிக்குது. வெறுமனே உக்காந்து இருக்கிறவனுக்குப் பிடிக்குமாங்கிறது வேற கணக்கு. வீட்டுக்காரம்மாவுக்கு அந்தக் கணக்கே கிடையாது. முப்பது வருஷமா ஓய்வுங்கிறதே தெரியாதவங்களுக்கு, குழாயைத் திறந்தா தண்ணி, வாசல்ல இறங்கினா பஸ், கேள்வி கேக்காத தெரு.

ராத்திரி சாப்பிட்டுட்டு பையன்கிட்ட சொன்னேன். அம்மா கார்த்திகை வரைக்கும் இங்க இருக்கட்டும். நான் சனிக்கிழமை மத்தியானம் வந்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போறேன். மாட்டைக் கறக்கத் தம்பி வீட்ல ஒத்துக்கிட்டா போதும். குத்தகைப் பேச்சு தை வரைக்கும் எடுக்க வேண்டாம். வெங்காயம் இந்தத் தடவை ஒரு ஏக்கர்தான், மீதியில மக்காச்சோளம். அதுக்குக் குனிஞ்சு களை எடுக்க ஆள் தேட வேண்டியது கம்மி. தை பொறந்ததும் அம்மா என்ன சொல்றாங்களோ அதை வச்சு மேல பேசுவோம். பையன் கொஞ்ச நேரம் யோசிச்சான். "சரிப்பா, ஆனா சனிக்கிழமை வராம இருக்கக் கூடாது"ன்னான். மருமக, "மாமா, வர்றப்போ கீரை கொண்டாந்துடுங்க, இங்க கட்டு சின்னதா இருக்கு"ன்னா. அதோட முடிஞ்சது.

இதுவரைக்கும் நாலு சனிக்கிழமை போயிட்டு வந்துட்டேன். அவங்க இப்ப படி ஏறி இறங்கறாங்க, ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுல எந்தக் கண்டக்டர் நல்லவருன்னு பட்டியல் சொல்றாங்க. நான் சோறு வடிக்கக் கத்துக்கிட்டேன், குழம்பு இன்னும் தண்ணியாத்தான் வருது. ஊர்ல, "என்ன, அம்மாவைக் காணோம்? சண்டையா?"ன்னு கேக்கிறாங்க. ஒவ்வொருத்தருக்கும் நின்னு பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

போன வாரம் கொள்ளிடத்துல தண்ணி குறைஞ்சு மணல் திட்டு தெரிய ஆரம்பிச்சிருந்தது. காவிரியில இன்னும் ஓடுது. சோளத்துக்கு மேலுரம் வைக்கணும். மழை வந்தா வைக்கலாம்னு வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்ங்க.